பூஜ்ய நேரத்தில் ஒரு வாய்க்கால்

பாகூர் ஏரியின் தண்ணீர் பாகூரில் பிறப்பதில்லை. சொர்ணாவூர் அணைக்கட்டில் தென்பெண்ணையிலிருந்து பிரிந்து, பங்காரு வாய்க்கால் வழியாக வந்து ஏரியில் விழுகிறது. அணைக்கட்டு தமிழ்நாட்டில், ஏரி புதுச்சேரியில். வாய்க்கால் தூர்ந்துபோனால் ஏரி நிரம்பாது. ஏரி நிரம்பாத வருடம், ‘புதுச்சேரியின் நெற்களஞ்சியம்’ என்ற பட்டத்தை ஒரு கையில் வைத்துக்கொண்டு மறுகையால் மோட்டார் சுவிட்சைப் போட வேண்டியதுதான்.

சரி, வாய்க்காலைத் தூர்வார யாரிடம் போய்ச் சொல்வது? எல்லை தாண்டிக் கடலூர் மாவட்டத்துக்குள் நுழைந்தால், ஊராட்சித் தலைவர் வீட்டு வாசலில் போய் நிற்கும் பழக்கமாவது உண்டு. (அங்கேயும் 2025 ஜனவரியில் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர்கள் வந்துவிட்டார்கள் என்பது வேறு கதை.) பாகூரில் அந்த வாசலே இல்லை. வார்டு உறுப்பினர் இல்லை, கிராமப் பஞ்சாயத்துத் தலைவர் இல்லை, கொம்யூன் பஞ்சாயத்துப் பெருந்தலைவர் இல்லை. மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தவர் என்று பக்கத்தில் இருப்பவர் ஒரே ஒருவர், தொகுதி எம்.எல்.ஏ. ஆகவே வாய்க்கால் எம்.எல்.ஏ. வீட்டுக்குப் போகிறது. அங்கிருந்து ஒரு நோட்டீஸ் தாளாக மாறி, பாரதி பூங்காவுக்கு எதிரே உள்ள சட்டப்பேரவைக்குப் போகிறது. கேள்வி நேரத்திலோ பூஜ்ய நேரத்திலோ இரண்டு மூன்று நிமிடம் அங்கே ஓடுகிறது.

வில்லியனூரின் சாக்கடையும், மங்கலத்தின் உள்சாலையும், ஊசுடு ஏரிக்கரையும், ஏம்பலத்தின் குடிநீர்க் குழாயும் இதே வழியில்தான் தலைநகருக்கு வந்து சேர்கின்றன. 30 தொகுதிகள் கொண்ட பேரவை, மொத்த வாக்காளர் சுமார் 10 லட்சம், தொகுதிக்கு முப்பதாயிரம் சொச்சம் ஓட்டு. சென்னையில் ஒரு மாநகராட்சி வார்டுக்கு ஏறக்குறைய இந்த அளவு. ஆகவே புதுச்சேரி எம்.எல்.ஏ. பாதி சட்டமன்ற உறுப்பினர், பாதி கவுன்சிலர். அவர் பேரவையில் எழுந்து ஒரு தெருவிளக்கைப் பற்றிப் பேசினால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். அந்தத் தெருவிளக்கைப் பற்றிப் பேச வேறு மன்றமே இல்லை என்பது அவர்களுக்குத் தெரியாது.

பதில் சொல்பவரின் அகராதி

அப்படி எழுப்பப்படும் கோரிக்கைகளுக்குப் பதில் சொல்லும் பொறுப்பு கடைசியில் அவை முன்னவருடையது. புதுச்சேரியில் அது முதலமைச்சர்தான். 2021 தேர்தலில் அமைந்த 15-வது பேரவையில் அந்த இருக்கையில் இருந்தவர் என்.ரங்கசாமி. எதிரே எதிர்க்கட்சித் தலைவர் இருக்கையில் தி.மு.க.வின் இரா.சிவா. சிவாவின் தொகுதி வில்லியனூர். பாகூர் உறுப்பினர் செந்தில்குமாரும் தி.மு.க.தான். அதாவது, அந்தப் பேரவையில் அரசை நோக்கி விவாதம் கேட்ட முதல் குரல் ஒரு கிராமத்துக் கொம்யூனின் குரல்.

பதில்களுக்கென்று ஒரு மொழி உண்டு. பல ஆண்டுகளாகச் சட்டசபைச் செய்தி படிப்பவர்களுக்கு அதன் தரவரிசை அத்துப்படி. ‘பரிசீலிக்கப்படும்’ என்றால் இந்த வருடம் இல்லை. ‘நிதிநிலைக்கு ஏற்ப’ என்றால் அடுத்த வருடமும் சந்தேகம். ‘கோப்பு அனுப்பப்பட்டுள்ளது’ என்றால் கோப்பு எங்கே இருக்கிறது என்று நாம்தான் தேட வேண்டும். ‘ஆவன செய்யப்படும்’ என்பது எல்லாவற்றுக்கும் பொது. இந்தச் சொற்றொடரை எந்தக் கட்சியும் தனக்கென்று உரிமை கொண்டாட முடியாது. ‘டெண்டர் விடப்பட்டுள்ளது’ என்று காதில் விழுந்தால் மட்டும் எம்.எல்.ஏ. உட்கார்ந்து மேசையைத் தட்டலாம்.

இந்தப் பதில்களைக் கேலி செய்வது சுலபம். நானும் செய்திருக்கிறேன். ஆனால் பதில் சொல்பவரின் பக்கத்தையும் பார்க்க வேண்டும். 2025-26 நிதிநிலை அறிக்கையின் அளவு 13,600 கோடி ரூபாய். அதில் சம்பளம், ஓய்வூதியம், கடன், வட்டி, மின்சாரம் வாங்குவது என்று கழித்துக்கொண்டே வந்தால், பேரவையில் எழுந்து நிற்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு வாய்க்காலைக் கொடுக்க மிச்சம் அதிகம் இருக்காது. இன்னொன்று, முதலமைச்சர் அவையில் ‘செய்யலாம்’ என்று சொன்ன பிறகும் வேலை தொடங்குவதில்லை, கோப்பு தொடங்குகிறது. 1963-ஆம் ஆண்டு யூனியன் பிரதேசங்கள் அரசுச் சட்டத்தின் கீழ் நடக்கும் ஆட்சி இது. கோப்பு துறைச் செயலரிடம் போக வேண்டும், நிதித்துறைக்குப் போக வேண்டும், பல விஷயங்களில் துணைநிலை ஆளுநரைத் தொட்டு வர வேண்டும். அதிகாரிகள் ஒத்துழைப்பதில்லை என்று ரங்கசாமியே பேரவைக்குள்ளும் வெளியிலும் பலமுறை குறைபட்டிருக்கிறார். முன்னவரே குறை சொல்பவராகவும் மாறிவிட்டால் உறுப்பினர் யாரிடம் போவார்?

ஆளுநர் எவ்வளவு தூரம் தலையிடலாம் என்ற வழக்கில் 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் அன்றாட நிர்வாகத்தில் தலையிடக் கூடாது என்றது. 2020 மார்ச்சில் இரு நீதிபதிகள் அமர்வு அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. துணைநிலை ஆளுநர் கிரண் பேடி, முதலமைச்சர் நாராயணசாமி காலத்து அந்த இழுபறியின் நடுவில் மாட்டிக்கொண்டு நசுங்கிய பொருள்களில் முக்கியமானது அரிசி.

அரிசி வந்தது, ஆலை வரவில்லை

ரேஷன் அரிசிக்குப் பதிலாக வங்கிக் கணக்கில் பணம் போடும் திட்டத்துக்கு நாட்டிலேயே முதலில் சோதனைக்களமானவை சண்டிகரும் புதுச்சேரியும். 2015 செப்டம்பர் அது. புதுச்சேரி அரசின் இலவச அரிசியும் பணமா அரிசியா என்ற சண்டையில் சிக்கியது. ரேஷன் கடைகள் பூட்டிக் கிடந்தன. நகரத்தில் இருப்பவர்களுக்கு இது ஒரு கொள்கை விவாதமாகத் தெரிந்திருக்கலாம். கரிக்கலாம்பாக்கத்திலும் பாகூரிலும் நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்ணுக்கு, கணக்கில் பணம் விழுந்ததா என்று பார்க்க ஒரு நாள், எடுக்க ஒரு நாள், அந்தப் பணத்தில் சந்தை விலைக்கு அரிசி வாங்கினால் எத்தனை கிலோ குறைகிறது என்ற கணக்கு ஒரு நாள். கூட்டத்தொடர் தவறாமல் எதிர்க்கட்சியினரும் ஆளும் அணியினரும் ‘கடையைத் திற’ என்றார்கள். பதில் அகராதியில் இருந்த எல்லாச் சொற்களும் அதற்குக் கிடைத்தன.

2024 மக்களவைத் தேர்தலில் ஆளும் கூட்டணி தோற்றது. பா.ஜ.க. வேட்பாளராக நின்ற புதுச்சேரி உள்துறை அமைச்சர் நமச்சிவாயத்தைக் காங்கிரசின் வைத்திலிங்கம் தோற்கடித்தார். பிரச்சாரத்தில் வீதிக்கு வீதி கேட்கப்பட்ட கேள்வி ரேஷன் கடை. அந்த அக்டோபரில், தீபாவளிக்கு முன்னால், 10 கிலோ அரிசியும் 2 கிலோ சர்க்கரையுமாகக் கடைகள் மீண்டும் திறந்தன. பேரவையில் பல வருடம் கேட்டது, ஓட்டுப் பெட்டியில் ஒருமுறை கேட்டதும் கிடைத்தது. பேரவை விவாதம் வீண் என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். அந்தக் கோரிக்கையைத் தேர்தல் வரை சாகாமல் வைத்திருந்தது அந்தப் பூஜ்ய நேரங்கள்தான் என்று நினைக்கிறேன்.

லிங்காரெட்டிப்பாளையம் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைக்கு அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. மண்ணாடிப்பட்டிலிருந்து பாகூர் வரை கரும்பு போட்டவர்களின் ஆலை அது. பல ஆண்டுகளாக அரவை இல்லை. கரும்பை அறுத்தால் எல்லை தாண்டித் தமிழ்நாட்டு ஆலைக்கு ஏற்ற வேண்டும். ஆலையைத் திறப்பது பற்றி ஒவ்வொரு கூட்டத்தொடரிலும் யாராவது கேட்கிறார்கள். விவசாயிகளில் பாதிப்பேர் இதற்குள் சவுக்குக்கும் மணிலாவுக்கும் மாறிவிட்டார்கள். ஒரு கோரிக்கைக்குப் பதில் தாமதமானால், கோரிக்கை வைத்தவரே தொழிலை மாற்றிக்கொண்டுவிடுகிறார். பிறகு அந்தக் கேள்விக்கு அவசியமும் குறைந்துபோகிறது.

கேட்டவுடன் கிடைக்கும் ஒரே விவாதம்

மற்ற அவைகளில் விவாதம் கேட்பது எப்படி நடக்கிறது? லண்டனில் காமன்ஸ் சபை கூடும் வாரங்களில் வியாழக்கிழமைதோறும் அவை முன்னவர் எழுந்து அடுத்த வார அலுவல்களைப் படிப்பார். பிறகு ஒரு மணி நேரத்துக்கு உறுப்பினர்கள் ஒருவர் பின் ஒருவராக எழுந்து ‘இதைப் பற்றி ஒரு விவாதம் வேண்டும்’ என்பார்கள். கிராமத்து வங்கிக்கிளை மூடியதிலிருந்து வெளிநாட்டுப் போர் வரை எதுவும் வரலாம். முன்னவர் பெரும்பாலும் விவாதத்தை அங்கேயே கொடுத்துவிட மாட்டார். வழி சொல்வார். சபை கலையும் நேரத்து விவாதத்துக்கு விண்ணப்பியுங்கள், 2010 முதல் இருக்கும் பின்வரிசை உறுப்பினர் அலுவல் குழுவிடம் போங்கள், அமைச்சருக்கு நான் எழுதுகிறேன் என்பார். உறுப்பினருக்கு அடுத்த கதவு எது என்றாவது தெரிந்துவிடுகிறது.

டெல்லியிலும் இதற்கு ஒரு தம்பி உண்டு. வாரக் கடைசியில் நாடாளுமன்ற விவகார அமைச்சர் அடுத்த வாரத்து அரசு அலுவல்களை அறிவிப்பார். இன்னின்னதையும் சேருங்கள் என்று உறுப்பினர்கள் கேட்கலாம். கவன ஈர்ப்பு என்பதும் விதிப்புத்தகத்தில் இல்லாமலே வேரூன்றிவிட்ட பூஜ்ய நேரமும் நம் நாட்டுக் கண்டுபிடிப்புகள். ஆனால் அங்கே போய்க் கேட்கப் புதுச்சேரிக்கு மக்களவையில் ஒருவர், மாநிலங்களவையில் ஒருவர். 543 பேரில் ஒருவருக்குக் கிடைக்கும் நிமிடங்களில் பங்காரு வாய்க்காலுக்கு முறை வர எத்தனை வருடமாகும் என்று நீங்களே கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

புதுச்சேரிப் பேரவையில் கேட்டவுடன், ஆளும் தரப்பு எதிர்த் தரப்பு பார்க்காமல், கிடைத்துவிடும் விவாதம் ஒன்று உண்டு. மாநில அந்தஸ்து. 2023 மார்ச்சிலும் 2024 ஆகஸ்ட்டிலும் எதிர்க்கட்சி உறுப்பினர்கள் கொண்டுவந்த தனிநபர் தீர்மானத்தை முதலமைச்சர் அரசின் தீர்மானமாகவே ஏற்றுக்கொண்டார். அவை ஒருமனதாக நிறைவேற்றியது. வில்லியனூர் உறுப்பினர் கேட்டதை அவை முன்னவர் மறுபேச்சில்லாமல் தந்த தருணங்கள் இவை. இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. மாநில அந்தஸ்தைத் தர இந்த அவைக்கு அதிகாரம் கிடையாது, அது டெல்லியின் முடிவு. தன் கையில் இல்லாததை விவாதிக்க நேரம் தாராளமாகக் கிடைக்கிறது. தன் கையில் இருக்கும் சாக்கடையையும் ஏரியையும் விவாதிக்கக் கேட்டால்தான் கடிகாரம் வேகமாக ஓடுகிறது.

ஆளும் கட்சிக்காரர் கேட்டால் நிலைமை சுலபம் என்றும் நினைக்க வேண்டாம். பாகூரின் முந்தைய உறுப்பினர் தனவேலு காங்கிரஸ்காரர், ஆட்சியும் காங்கிரஸ் ஆட்சி. தன் ஆட்சியின் மீதே அவர் வெளிப்படையாகக் குற்றம் சொல்லத் தொடங்கினார். முதலில் கட்சியிலிருந்து இடைநீக்கம், பிறகு 2020 ஜூலையில் கட்சித்தாவல் தடைச் சட்டத்தின் கீழ் பதவி நீக்கம். அவர் சொன்னவற்றில் எது சரி எது தவறு என்ற பஞ்சாயத்துக்கு நான் வரவில்லை. பேரவைக்கு வெளியே பேசியவருக்கு உள்ளே இருக்கையே போனது என்பதை மட்டும் பாகூர் பார்த்தது.

ஆறு மாதக் கெடு

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறி, நகராமல் நின்றது. மறுநாள் காலைக்குள் பதிவான மழை 48.4 சென்டிமீட்டர். மழை விட்ட பிறகு வந்தது இரண்டாவது அடி. திருவண்ணாமலை மாவட்டத்துச் சாத்தனூர் அணையில் விநாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் திறக்கப்பட்ட தண்ணீர் தென்பெண்ணையில் இறங்கி, பாகூர் கொம்யூனின் ஆற்றோரக் கிராமங்களான சோரியாங்குப்பம், குருவிநத்தம் பக்கம் புகுந்தது. வடக்கே சங்கராபரணி பொங்கி வில்லியனூர்ப் பகுதியைச் சூழ்ந்தது. குடும்ப அட்டைக்கு 5,000 ரூபாய் நிவாரணம் என்று முதலமைச்சர் அறிவித்தார். அது வேகமாக நடந்தது, குறை சொல்ல முடியாது.

ஆனால் கேட்க வேண்டிய கேள்விகள் பணத்தோடு முடிபவை அல்ல. அணை திறக்கும் முன் எச்சரிக்கை எந்த வழியில் பாகூருக்கு வந்து சேர்கிறது? இரண்டு அரசுகளுக்கு நடுவில் ஓடும் ஆற்றின் கரையை யார் உயர்த்துவது? ஏரியின் கலிங்குகள் அந்த வெள்ளத்துக்குத் தாங்குமா? இவை விவாதத்துக்கு உரியவை. நிமிடக் கணக்கில் கேட்டு முடிக்கக் கூடியவை அல்ல. பேரவை 2024 ஆகஸ்ட் நடுவில் கூட்டத்தை முடித்திருந்தது. மறுபடி கூடியது 2025 பிப்ரவரியில். இரண்டு கூட்டங்களுக்கு இடையே ஆறு மாதத்துக்கு மேல் ஆகக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. அந்தக் கெடு முடியும் தறுவாயில்தான் மணி அடித்தது. அதற்குள் சோரியாங்குப்பத்துக்காரர்கள் வண்டலை அள்ளிக் கொட்டிவிட்டு அடுத்த பட்டம் விதைத்திருந்தார்கள்.

அதே கதை 2025 செப்டம்பரிலும். மார்ச் இறுதியில் முடிந்த பேரவை மீண்டும் கெடுவை ஒட்டிக் கூடியது. நகரத்தில் மாசடைந்த குடிநீர் பற்றியும் மற்றப் பிரச்சினைகள் பற்றியும் விவாதிக்க வேண்டும், கூட்டத்தைக் கூடுதல் நாள் நடத்த வேண்டும் என்று எதிர்க்கட்சியினர் கேட்டார்கள். கேட்ட விவாதம் கிடைக்கவில்லை. சபைக் காவலர்கள் வந்து அவர்களை வெளியேற்றினார்கள். அன்றைக்கே அவை காலவரையின்றி ஒத்திவைக்கப்பட்டது. அவையின் நடுவில் போய் நின்று கூச்சல் போடுவதை நான் ஆதரிப்பவன் அல்லன். ஆனாலும் வருடத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய நாள்களே கூடும் அவையில், உறுப்பினருக்குப் பொறுமையாகக் கையைத் தூக்கிக் காத்திருக்கச் சொல்லிக்கொடுப்பது கஷ்டம்.

மனமிருந்தால் இந்த அவை எங்கும் கூடும் என்பதற்கும் சாட்சி உண்டு. 2020 ஜூலை 25 அன்று, உறுப்பினர் ஒருவருக்குக் கொரோனா என்று தெரிந்ததும், மண்டபத்தைப் பூட்டிவிட்டுப் பேரவை வளாகத்து வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து நிதிநிலை அறிக்கைக் கூட்டத்தை நடத்தி முடித்தார்கள். ஊர்ப் பஞ்சாயத்து நடக்கும் தோரணை. பாகூர்க்காரர்கள் தொலைக்காட்சியில் பார்த்திருந்தால் பழக்கமான காட்சியாகத்தான் இருந்திருக்கும்.

பழக்கம் என்பதைச் சும்மா சொல்லவில்லை. பாகூர் என்ற வாகூரின் சபைக்கு ஆயிரம் ஆண்டு வயது. ஒன்பதாம் நூற்றாண்டுப் பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் பாகூர்ச் செப்பேடு இங்கிருந்த வித்யாஸ்தானத்துக்கு, அதாவது உயர்கல்விச் சாலைக்கு, மூன்று ஊர்களைக் கொடையாகக் கொடுத்ததைச் சொல்கிறது. மூலநாதர் கோயில் கல்வெட்டுகளில் ஊர்ச் சபை வருகிறது, ஏரி வருகிறது. அந்தச் சபையில் எல்லோருக்கும் இடம் இருந்ததா என்றால், இல்லை. பிராமணர்களின் சபை அது. ஆனால் ஏரியைப் பற்றிய முடிவு ஏரிக்கரை ஊரிலேயே எடுக்கப்பட்டது.

178 பேர்

வில்லியனூரும் பாகூரும் ஐரோப்பியர் ஒப்பந்தத்திலேயே பெயர் பெற்ற ஊர்கள். 1783 வெர்சாய் ஒப்பந்தத்தில் புதுச்சேரியைச் சுற்றிய நிலமாக இந்த இரண்டையும் பிரெஞ்சுக்காரர்களுக்குத் தர ஆங்கிலேயர் ஒத்துக்கொண்டனர். நூறு வருடம் கழித்து, 1880 ஆணையின்படி கொம்யூன்கள் பிறந்தன. ஒவ்வொன்றுக்கும் தேர்ந்தெடுக்கப்பட்ட சபை, ஒரு மேயர். அந்தத் தேர்தல்களில் அடிதடியும் கள்ள ஓட்டும் ஏராளம். இருந்தாலும் கிராமத்துக்குச் சபை என்ற ஒன்று இருந்தது.

வில்லியனூர் கொம்யூனில் கீழூர் என்ற கிராமம் இருக்கிறது. 1954 அக்டோபர் 18 அன்று புதுச்சேரி, காரைக்காலின் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் இங்கே கூடி ஓட்டுப் போட்டார்கள். இந்தியாவோடு இணைய 170, எதிராக 8. நவம்பர் 1 அன்று நிர்வாகம் கைமாறியது. அந்த 178 பேரில் பெரும்பாலோர் பேரவை உறுப்பினர்கள் அல்லர், நகராட்சி, கொம்யூன் கவுன்சிலர்கள். ஒரு நாட்டை விட்டு இன்னொரு நாட்டில் சேரும் முடிவை எடுக்கத் தகுதியுள்ளவர்கள் என்று டெல்லியும் பாரிசும் ஏற்றுக்கொண்டது கிராமத்துக் கவுன்சிலர்களை.

அதற்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1968-இல் உள்ளாட்சித் தேர்தல். அடுத்தது 2006-இல், 38 ஆண்டு கழித்து, நீதிமன்றம் நெருக்கிய பிறகு. அந்தப் பதவிக்காலம் 2011-இல் முடிந்தது. 2021 அக்டோபரில் தேர்தல் அறிவித்தார்கள், இட ஒதுக்கீட்டுச் சிக்கலில் நீதிமன்றம் போய் நின்றுபோனது. பிற்படுத்தப்பட்டோர் கணக்கெடுப்புக்கு ஆணையம் அமைத்தார்கள். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பஞ்சாயத்துத் தேர்தல் நடத்தியே ஆக வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 73-வது திருத்தம் சொல்லி முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. பத்து கொம்யூன் பஞ்சாயத்துகளையும் 98 கிராமப் பஞ்சாயத்துகளையும் அதிகாரிகள் நிர்வகித்தார்கள்.

எம்.எல்.ஏ.க்களுக்கு இதில் வருத்தம் இருந்திருக்குமா என்று எனக்குச் சந்தேகம்தான். போட்டிக்குக் கவுன்சிலர் இல்லாத தொகுதியில் எல்லாக் கோரிக்கையும் தன் வீட்டுக்கே வரும், எல்லா நன்றியும் தன் பேனருக்கே சேரும். அவை முன்னவருக்கும் ஒரு வசதி உண்டு. 98 தலைவர்களுக்குப் பதில் சொல்வதைவிட 30 பேருக்குச் சொல்வது எளிது. ஆளும் கட்சி, எதிர்க்கட்சி என்று மாறி மாறி உட்கார்ந்தவர்கள் எல்லோரும் உள்ளாட்சித் தேர்தல் வேண்டும் என்று பேசியிருக்கிறார்கள், எதிர்க்கட்சி இருக்கையிலிருந்து.

வில்லியனூர்த் திருக்காமீசுவரர் கோயில் தேரை பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் கவர்னரே வந்து வடம் பிடித்துத் தொடங்கிவைப்பார். அந்த வழக்கத்தில் இன்றைக்கும் துணைநிலை ஆளுநரும் முதலமைச்சரும் வந்து ஒரே வடத்தைப் பிடிக்கிறார்கள். தேர் நான்கு வீதியும் சுற்றி மதியத்துக்குள் நிலைக்கு வந்துவிடும். வீதியோரத்து வாய்க்காலைத் தேருக்கு முந்தின வாரம் சுத்தம் செய்துவிடுவார்கள், அதற்கு யாரும் நோட்டீஸ் கொடுப்பதில்லை.

ஆகஸ்ட் 16, பிரான்ஸ் சட்டப்படி புதுச்சேரியை ஒப்படைத்த நாள். வருடாவருடம் அன்று காலை கீழூர் நினைவுத்தூணுக்குக் கார்கள் வரும். கொடியேற்றம், மாலை, தியாகிகளுக்குச் சால்வை. நிகழ்ச்சி முடிந்ததும் ஊர்க்காரர்கள் சிலர் கையில் மனுவோடு காரை மறிப்பார்கள். உள்சாலை, குடிநீர்த் தொட்டி, சுடுகாட்டுப் பாதை. மனுவை வாங்கி உதவியாளரிடம் கொடுத்துவிட்டு, கண்ணாடியை ஏற்றும் முன் ஒரு பதில் வரும். அது என்ன பதில் என்று வாசகர்களுக்கு இதற்குள் தெரிந்திருக்கும்.